சந்தனம் வைத்த ஏரோப்ளேன் றெக்கை

போன செவ்வாய்க்கிழமை காலை. குக்கர் மூன்றாவது விசிலுக்கு முக்கிக்கொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது.

“ஏனுங்க மேடம், நீங்க ஏரோப்ளேன் எக்ஸ்பர்ட்டுங்களா?”

ராங் நம்பர் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? “சொல்லுங்க” என்றேன். இந்த ஒரு வார்த்தையால் எனக்கு வந்த வம்புகளை எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

இரண்டு மாதம் முன்பு இதே பக்கத்தில் எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சேலத்திலிருந்து சென்னைக்குக் குட்டி விமானத்தில் போனது. எனக்கு ஜன்னல் சீட். ஜன்னலுக்கு வெளியே ப்ரொப்பல்லர். அது சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியாமல், தெரிந்த சாமி பெயரையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போய் இறங்கினேன். விமானத்துக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

போனில் பேசியவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

பெயர் குணசேகரன். திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். போர்வெல் ரிக் லாரிகள் நிறைய அவர் பட்டறையிலிருந்துதான் பெயின்ட் வாசனையோடு வெளியே போகின்றன. ஊரில் அந்தப் பட்டறைக்கு ‘ஏரோப்ளேன் பட்டறை’ என்று பெயர். காரணம், அங்கே சுவரில் ஓர் ஏரோப்ளேன் றெக்கை நிற்கிறது.

“எங்க தாத்தா பெரியண்ணன் ஆசாரிங்க. உலகப் போர் டைம்ல மெட்ராஸ்ல வேலை பாத்தாரு. அப்ப கீழ எறங்குன ஜப்பான் ஏரோப்ளேனைப் புடிச்சாருங்க. ஒத்தை ஆளா. அதோட மூக்குல சுத்துற றெக்கை ஒண்ணக் கழட்டி ஊட்டுக்குக் கொண்டாந்துட்டாரு.”

“ஏரோப்ளேனைப் பிடிச்சாரா? எப்படிங்க பிடிச்சாரு?”

“அதெல்லாம் யாரும் கேக்கலீங்க.”

வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் புது நுழைவாயில் திறக்கிறார்களாம். தாத்தா பெயரில் கருங்கல் பலகை. கல்லில் எழுத்து அடிக்க ஆரம்பித்தாயிற்று. ‘ஜப்பானியரின்’ என்று முதல் வார்த்தை முடிந்துவிட்டது. அடுத்தது விமானத்தின் ரகம். அதற்கு இடம் விட்டுப் பட்டறை வாசலில் உளியோடு உட்கார்ந்திருக்கிறார் கல்வேலைக்காரர்.

“எந்த ப்ளேனுன்னு நீங்க பாத்துச் சொல்லிட்டீங்கன்னா அடிச்சுருவோமுங்க. மூணு தலைமுறையா இந்த றெக்கையச் சொல்லித்தானுங்க எங்க குடும்பத்துக்கே பேரு. தப்பா அடிச்சுட்டா ஊரு சிரிச்சுரும்.”

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார், “மிக்ஸி பிளேடு கழண்டா என்னைக் கூப்பிடறே. நீ ப்ளேன் பிளேடு பார்க்கப் போறியா?”

இதற்காகவே போக வேண்டியதாயிற்று.

வெறும் கையோடு போகவில்லை. இணையத்தில் தேடினால் இந்த உலகத்தில் எதற்குத்தான் ஆள் இல்லை? பழைய போர் விமான ப்ரொப்பல்லர்களை ஆராய்கிறவர்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. குணசேகரன் அனுப்பிய போட்டோவை அதில் போட்டேன். ஏதோ ஒரு தேசத்துப் பெரியவர் பதில் எழுதினார். நாற்பது வருடமாக ப்ரொப்பல்லர் பார்க்கிறாராம். சந்தனப் பொட்டு வைத்த ப்ரொப்பல்லரை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாராம். அந்த மஞ்சள் வட்டம் எந்த விமானப் படையின் சின்னம் என்று பணிவோடு கேட்டிருந்தார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். பார்க்க வேண்டியது நான்கு. உலோகமா, மரமா. எவ்வளவு முறுக்கியிருக்கிறது. பெயின்டுக்கு அடியில் என்ன நிறம் – போர் விமான றெக்கை பெரும்பாலும் கறுப்பு, நுனி மட்டும் மஞ்சள். கடைசியாக, முக்கியமாக, அடிப்பாகத்தில் குத்தியிருக்கும் எழுத்தும் எண்ணும். அதுதான் ஜாதகம். யார் செய்தது, எந்த விமானத்துக்குச் செய்தது, எல்லாம் அதிலிருந்து தெரிந்துவிடும்.

இதையெல்லாம் நானா பார்ப்பது? சேலத்தில் பழைய மெஷின் வியாபாரம் செய்யும் ரஹீம் பாயைத் துணைக்குக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டு கிரைண்டரை இரண்டு முறை சாவிலிருந்து மீட்டவர். “ஏரோப்ளேன் மட்டும்தான் மேடம் இதுவரைக்கும் நம்ம கடைக்கு வரல” என்று சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை காலை பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

றெக்கை ஆறடி இருக்கும். சுவரில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, மாலை போட்டு, மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். நல்ல பளபளக்கும் ஆரஞ்சு நிறம். ஜப்பான்காரர்கள் ஆரஞ்சு அடிப்பார்களா?

“அது நம்ம அடிச்சதுங்க” என்றார் குணசேகரன். “வருசா வருசம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடைசியா எந்த லாரிக்கு பெயின்ட் அடிக்கிறமோ, அதுல மிச்சத்தை எடுத்து இதுக்கு ஒரு கோட்டிங் குடுத்துருவோம். ஆயுதமில்லீங்களா?”

அதாவது கண்டுபிடிக்க வேண்டிய அத்தனையையும் ஒரு வருடம் விடாமல் பக்தியோடு மூடி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் குணசேகரனின் அப்பா ராமசாமி உட்கார்ந்திருந்தார். எண்பத்து நான்கு வயது. ஏரோப்ளேனைப் பிடித்த பெரியண்ணனுக்கு ஒரே மகன். பெயின்டைச் சுரண்ட வேண்டும் என்று நான் சொன்னதும், “அதை எதுக்கம்மிணி சுரண்டறீங்க? அதுபாட்டுக்கு நிக்குது. ஏதோ ஒரு பேரை அடிச்சுப்போட்டுப் போங்க” என்றார்.

“எப்படீங்கப்பா? கல்லுல அடிக்கிறது காலத்துக்கும் நிக்குமில்லீங்களா” என்றார் மகன்.

“அதுக்குத்தான் சொல்றேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் பெரியவர். வயதானவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

பூஜை போட்ட பொருளைச் சுரண்டுவதென்றால் உத்தரவு கேட்க வேண்டுமாம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து றெக்கைக்கு முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் சுரண்டலாம். எடுத்துத் தருவது யார்?

“பாய்தான் எடுக்கோணும். அவருதான் பொதுவான ஆளு” என்றார் குணசேகரன்.

ரஹீம் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பயபக்தியோடு ஒன்றை எடுத்தார். சிவப்பு.

குணசேகரன் அந்தப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியவர் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி.

“மூணுல ரெண்டு பாத்துரலாமுங்க” என்றார் குணசேகரன். அடுத்த இரண்டு முறையும் வெள்ளை. ஆண்டவனுக்கும் ஆர்வம் வந்துவிட்டது போல.

முதலில் காந்தம். பாய் பையிலிருந்து எடுத்து வைத்தார். நடுவில் வைத்தால் விழுந்தது. நுனியிலும் விழுந்தது. அடிப்பாகத்தில் வைத்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. குணசேகரனுக்கு வாயெல்லாம் பல். “பாத்தீங்களா, ஜப்பான் இரும்பு.” பாய் என் பக்கம் குனிந்து, “இரும்புல றெக்கை செஞ்சா ப்ளேன் மேலே போகாது மேடம், பூமிக்குள்ள போகும்” என்று காதோடு சொன்னார். பார்த்தால், அடிப்பாகத்தைச் சுற்றி ஓர் இரும்புத் தகடு. அதன் மேல் லாரித் தகரத்தில் பள்ளம் மேடு தெரியாமல் பூசும் பட்டி. அதன் மேல் பெயின்ட்.

இரண்டாவது முறுக்கு. ப்ரொப்பல்லர் றெக்கை, பிழிந்த துணி போல லேசாகத் திரும்பியிருக்க வேண்டும். காற்றைத் தள்ளுவதே அந்த முறுக்குதான். றெக்கையைத் தரையில் படுக்கப் போட்டோம். பாய் போல ஒட்டிப் படுத்தது. நான் சொல்வது கோரைப்பாய். ரஹீம் பாய் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு, “இது சுத்துனா காத்து வராதுங்களே முதலாளி” என்றார்.

“அந்தக் காலத்து டெக்னிக் வேறயா இருக்குமுங்க” என்றார் குணசேகரன். குரலில் கொஞ்சம் சூடு.

மூன்றாவது பெயின்ட். பட்டறை ஆட்கள் இருவர் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார்கள். ஆரஞ்சுக்கு அடியில் பச்சை. குணசேகரன் பார்த்ததும் சொன்னார், “மல்லசமுத்திரத்துப் பார்ட்டி வண்டிங்க.” அதற்கு அடியில் நீலம். “ஆத்தூர் வண்டி. பெயின்ட் காயறதுக்குள்ள எடுத்துட்டுப் போயி தூசி ஒட்டிப்போச்சு.” மஞ்சள், மெரூன், இன்னொரு பச்சை... ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு லாரி, ஓர் ஓனர், ஒரு சண்டை. மனிதருக்கு அந்தந்த வருடத்து மழைகூட ஞாபகம் இருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் சில்வர் பெயின்ட். அதையும் சுரண்டினார்கள்.

கறுப்பு வந்தது. நுனியில் மஞ்சள்.

நானே எழுந்து நின்றுவிட்டேன். போர் விமானம். அந்தத் தேசத்துப் பெரியவர் சொன்ன அதே கறுப்பு, அதே மஞ்சள். குணசேகரன் கண்ணில் தண்ணீர். “சொன்னேனில்லீங்க, சொன்னேனில்லீங்க” என்று என்னைவிட்டு பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ காபி சொல்லப் போனார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ரஹீம் பாய் நிறுத்தவில்லை. கறுப்பிலும் ஓர் இழை எடுத்தார்.

“மாமரம்” என்றார்.

பட்டறையே மரமும் இரும்புமாக வாழும் இடம். மாம்பலகையைத் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. மரத்தில் நிஜமாகவே றெக்கை செய்திருக்கிறார்கள்தான். ஆனால் அது மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்வது. இது ஒரே பலகை. காபி வந்தது. யாரும் எடுக்கவில்லை.

“நம்பரைப் பாத்துருவோம்” என்றேன். இரும்புத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே மரத்தில் ஒரு நீள விரிசல். விரிசலுக்குப் பக்கத்தில், உளியால் செதுக்கிய எழுத்து. அழகான, அழுத்தமான எழுத்து.

பெரி. 28

தமிழில்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அப்போதும் தமிழ்தான்.

“ஜப்பான்காரங்க...” என்று ஆரம்பித்தார் குணசேகரன். பிறகு திடீரென்று என்னைப் பார்த்து, “பாத்து ஒரு பேரு சொல்லுங்கன்னுதானுங்க கூப்பிட்டேன். இப்படி ஊட்டு மானத்தைச் சுரண்டிப்போட்டு நிக்கறீங்களே. வெள்ளிக்கெழமை ஊரே வருதுங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?” என்றார்.

அவர் கேட்டதில் என்ன தப்பு? குட்டி விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு இது தேவையா?

அப்போதுதான் சேர் நகரும் சத்தம் கேட்டது. ராமசாமி பெரியவர் எழுந்து வந்தார். குனிய முடியவில்லை. மகனைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். ‘பெரி’யைத் தடவினார். ‘28’ஐத் தடவினார்.

“நெசந்தானா” என்றார்.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“எங்கப்பன் ஏரோப்ளேனைப் புடிச்சேன்னு சொன்னதே இல்லீங்க அம்மிணி. செஞ்சேன்னுதான் சொன்னாரு. மெட்ராஸ் பக்கத்துல ஒரு பொட்டக் காடு. வெள்ளைக்காரத் தொரை ஆசாரிமாரைக் கூட்டியாந்து, மரத்துலயும் சாக்குலயும் ஏரோப்ளேன் செய்யச் சொன்னானாம். பறக்காத ஏரோப்ளேன். வரிசையா நிறுத்தி வெக்கறதுக்கு. இவருக்கு றெக்கை வேலை. இருபத்தெட்டு செஞ்சேன், கடைசி ஒண்ணு விரிசல் உட்டுருச்சு, மேஸ்திரி தூக்கிப்போடச் சொன்னாரு, நான் விரிசலுக்குத் தகடு அடிச்சு ஊட்டுக்குக் கொண்டாந்துட்டேன்னு சொல்லுவாரு.”

“இதை ஏனுங்கப்பா நீங்க சொல்லவே இல்ல?” என்றார் மகன்.

“யாரு சாமி நம்புவாங்க? டீக்கடையில சிரிப்பாங்க. பறக்காத ஏரோப்ளேன் எதுக்குய்யா, புளி காயப்போடவாம்பாங்க. அதுல வந்ததுதான் இந்த ஏரோப்ளேன்கற பேரே. உங்கம்மாளைப் பொண்ணு கேட்டுப் போனப்ப, அவங்க ஊட்டுல, மாப்பிள்ளையோட அப்பனுக்குப் புத்தி கித்தி பெசகிருச்சான்னு கேட்டுப்போட்டாங்க. கண்ணாலமே நின்னுருமாட்ட இருந்துச்சு. அப்ப நான்தான் சொன்னேன். எங்கப்பாவுக்குச் சொல்லத் தெரியலீங்க, அவரு ஜப்பான் ஏரோப்ளேனைப் புடிச்சாருன்னு.”

“நம்பினாங்களா?” என்று கேட்டேன்.

“உடனே நம்பிட்டாங்க. அன்னைக்கே தட்டு மாத்திட்டாங்க. மரமாத் தெரியக் கூடாதுன்னு நான்தான் மொதல்ல சில்வர் பெயின்ட் அடிச்சேன்.”

பாருங்கள். ஓர் ஆசாரி மரத்தில் றெக்கை செய்தார் என்றால் பைத்தியம். அதே ஆசாரி, வானத்தில் போகிற விமானத்தை ஒற்றை ஆளாகப் பிடித்தார் என்றால் சம்பந்தம் பேசலாம். நம் ஆட்களுக்கு வேலை செய்தவன் கதை பிடிக்காது. வீரன் கதைதான் வேண்டும். அது எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தாலும் பரவாயில்லை.

பெரியவர் இன்னும் விரலை எடுக்கவில்லை.

“அதுக்கப்புறம் அவரு செஞ்சேன்னு ஒரு நாளும் சொல்லலீங்க. ஆராச்சும் கேட்டா, ஆமா புடிச்சேன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. சாகற வரைக்கும். பொய் சொல்லத் தெரியாத மனுசன் அம்மிணி. எனக்காகச் சொன்னாரு.” மறுபடி எழுத்தைத் தடவினார். “நானும் அவருக்குப் புத்தி செரியில்லைன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். இந்த நிமிசம் வரைக்கும்.”

ரஹீம் பாய் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. என் நிலைமையும் அதேதான்.

அங்கேயே உட்கார்ந்து இணையக் குழுவுக்குப் போட்டோ அனுப்பினேன். ஒரே பலகை, முறுக்கு இல்லை, மாமரம், தமிழ் எழுத்து. பகல் சாப்பாடு முடிவதற்குள் அந்த வெளிநாட்டுப் பெரியவர் பதில் போட்டுவிட்டார். போர்க்காலத்தில் எதிரி மேலிருந்து பார்த்து ஏமாறுவதற்காகப் பொய் விமானங்களைச் செய்து நிறுத்துவது வழக்கம்தானாம். எதிரியின் குண்டு அதன் மேல் விழுந்து வீணானால், நிஜ விமானம் தப்பித்துவிடும். நிஜ விமானத்தின் றெக்கைகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. பொய் விமானத்தின் றெக்கையை, அதுவும் செய்தவர் கையெழுத்தோடு, தான் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தார். சந்தனப் பொட்டைப் பற்றி மறுபடியும் கேட்டிருந்தார்.

குணசேகரனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப இது டூப்ளிகேட் ஏரோப்ளேனோட ஒரிஜினல் றெக்கைங்களா?”

“ஆமாங்க. அதுலயும் ரிஜெக்ட் ஆனது” என்றார் பாய். அவரால் பொய் சொல்ல முடியாது.

குணசேகரன் சிரித்தார். அன்றைக்கு முதல்முறையாக. எனக்கு உயிர் வந்தது.

மிச்சமிருந்தது கல். அதில் ‘ஜப்பானியரின்’ என்று விரலளவு ஆழத்துக்கு அடித்தாயிற்று. அதை அழிக்க வேண்டுமென்றால் புதுக் கல் வேண்டும். புதுக் கல் வெள்ளிக்கிழமைக்குள் வராது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏரோப்ளேன் எக்ஸ்பர்ட்டாக நான் தோற்றுவிட்டேன், சரி. இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தில் எழுதிக் கிழிக்கிறேனே, ஒரு வாக்கியத்தை முடித்துக் கொடுக்க மாட்டேனா?

சாக்பீஸ் வாங்கி எழுதினேன்.

‘ஜப்பானியரின் கண்ணில் மண்ணைத் தூவ விமானம் செய்தவர் பெரியண்ணன் ஆசாரி.’

ராமசாமி பெரியவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘செய்தவர்’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். தலையை மட்டும் ஆட்டினார்.

கல்வேலைக்காரர் உளியை எடுத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, “புடிச்சவருன்னுதானுங்களே சொன்னீங்க? செய்தவர்னு தப்பா எழுதியிருக்குதுங்க” என்றார்.

“செஞ்சவருதான். அடிங்க” என்றார் பெரியவர்.

“ஏரோப்ளேனையா?”

“ஏரோப்ளேனைத்தான்.”

கல்வேலைக்காரர் அடிக்க உட்கார்ந்தார். ‘கண்ணில்’ வரைக்கும் அடித்துவிட்டு, நான் பக்கத்தில் போனபோது குரலைத் தாழ்த்தினார். “ஏனுங்க, பெரியவருக்கு வயசாயிருச்சு. இது செரியாத்தானே இருக்குதுங்க?” என்று தன் நெற்றிப் பொட்டில் விரலால் தட்டிக் காட்டினார்.

பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்கும் போலிருக்கிறது.

“நல்லாக் கேளு சாமி” என்றார் சேரில் சாய்ந்துகொண்டே. முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர். “எங்கப்பனையும் இதையேதான் கேட்டாங்க.”

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார், “என்ன ப்ளேன்னு கண்டுபிடிச்சியா?” நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். “சும்மா கதை விடாதே” என்றார்.

ஜப்பான் ப்ளேன் என்றேன். “அப்படிச் சொல்லு” என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.